எழுபதிலேயே இளகியது

அன்று அந்த அறையில் ஆறு பேர் இருந்தோம். மேஜையின் தலைப்பக்கம் சேஃப்டி ஆபீசர். அவருக்கு வலப்பக்கம் மெயின்டனன்ஸ் இன்ஜினியர். அவருக்கு அடுத்து, லேப்டாப்பை விரித்துக்கொண்டு, பர்ச்சேஸில் வேலை பார்க்கும் ஒருவர்; கூட்டம் முடியும்வரை அவர் திரையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. எதிர்ப்பக்கம், முழங்கைக்குக் கீழே கட்டுப் போட்ட ஒரு ஆபரேட்டர் பெண். அவளுக்குப் பக்கத்தில் நான். எனக்குப் பக்கத்தில், நாற்காலியோடு நாற்காலி இடிக்கும்படி, அக்கா. டீ கொண்டுவந்த கேன்டீன்காரர் தட்டை வைத்துவிட்டு உடனே போய்விட்டார். அவரை நான் கணக்கில் சேர்க்கவில்லை.

இதை இவ்வளவு சுத்தமாகச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. அக்கா பிற்பாடு மண்ணூரில் பார்க்கிறவர்களிடமெல்லாம், "நான் எங்க சொன்னேன், அந்த ஆபீசரு இல்ல சொன்னாரு" என்று சொல்லிக்கொண்டிருந்தாள். ஆபீசர் சொல்லவில்லை. அக்காதான் சொன்னாள். மற்ற ஐந்து பேரும் கேட்டோம்.

மேஜை நடுவில் உடைந்த கவர் கிடந்தது. நான் வளைத்தது. மூன்று மடிப்பும் என்னுடையவை. நூறு கவருக்கு நடுவில் வைத்தாலும் அடையாளம் சொல்லிவிடுவேன். மூலையிலிருந்து ஒரு விரிசல் ஓடி, உள்ளங்கை அகலத்துக்கு ஒரு துண்டு தெறித்துப் போயிருந்தது. அந்தத் துண்டுதான் ஆபரேட்டர் பெண்ணின் கையைக் கிழித்திருக்கிறது. நாலு தையல்.

"உடையாதுன்னுதானே பிசி கேட்டோம்? சுத்தியால அடிச்சு டெமோ காட்டுனது நீங்கதானே?" என்று ஆபீசர் அக்காவிடம் கேட்டார்.

பிசி என்றால் பாலிகார்பனேட். பார்க்க அக்ரிலிக் போலவே கண்ணாடியாக இருக்கும். விலை அதிகம். ஆனால் ஓங்கி அடித்தாலும் பள்ளம் விழுமே தவிர, அக்ரிலிக் மாதிரிச் சில்லாகாது. மெஷினுக்கும் ஆளுக்கும் நடுவில் நிற்கிற கவருக்கு அதைத்தான் கேட்பார்கள்.

அக்கா தொண்டையைச் செருமிக்கொண்டாள். "பிசிதான் சார், பில்லு கீது. வளைச்சு பெண்டு போடும்போது சூடு ஜாஸ்தியாயிட்டிருக்கும். இவ வச்சினு இருக்கறது கம்பெனி மிஷின் இல்ல சார். வூட்ல செஞ்ச ஹீட்டர். அதுல கன்ட்ரோல் எல்லாம் கெடையாது."

நான் அவளைத் திரும்பிப் பார்த்தேன். அவள் ஆபீசரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். என் கால்களுக்கு நடுவில் சாப்பாட்டுப் பை. அதற்குள், டப்பாவுக்கும் தண்ணீர் பாட்டிலுக்கும் இடையில், இரண்டு வெட்டுத்துண்டுகள் இருந்தன. எடுத்து மேஜைமேல் வைத்திருந்தால் பேச்சு அங்கேயே மாறியிருக்கும். நான் எடுக்கவில்லை.

ஏன் எடுக்கவில்லை என்று என்னையே பல நாள் கேட்டுக்கொண்டேன். அதற்குப் பதில் பதினோரு நிமிடத்தில் இருக்கிறது.

ஒன்பதாவதோடு நான் பள்ளியை விட்டேன். பெரிய கஷ்டமெல்லாம் இல்லை, பயம்தான். ஒரு அரையாண்டில் கணக்குப் பரீட்சைக்குப் போகவில்லை. போகாததற்கு என்ன சொல்வார்களோ என்று பயந்து மறுநாளும் போகவில்லை. அப்படியே நின்றுவிட்டது. வயது வந்ததும் செல்போன் சார்ஜர் கட்டும் ஒரு கம்பெனியில் காண்ட்ராக்டில் சேர்ந்தேன். அங்கே என் லைன் லீடர்தான் அக்கா. சொந்தம் இல்லை. எல்லோரும் அக்கா என்றார்கள், நானும் அழைத்தேன்.

ஒருநாள் எனக்குக் கருகல் வாடை வந்தது. வேறு யாருக்கும் வரவில்லை. பக்கத்தில் இருந்தவளைக் கேட்டேன், மூக்கை உறிஞ்சிப் பார்த்துவிட்டு இல்லை என்றாள். சிவப்புப் பட்டனை அமுக்கிவிட்டேன். லைன் முழுக்க நின்றது. பதினோரு நிமிடம். எங்கும் எதுவும் கருகவில்லை. சூப்பர்வைசர் வந்து, "யார் நிறுத்துனது?" என்று கேட்டபோது நான் தலையைக் குனிந்துகொண்டேன். "நான்தான் சார், வாடை வந்துச்சு" என்று அக்கா சொன்னாள். அந்த மாதம் அவளுடைய லீடர் படியைப் பிடித்தார்கள். "விடு, நீ சொல்லியிருந்தா உன்ன தூக்கியிருப்பாங்க" என்றதோடு சரி. அதற்குப் பிறகு ஒருமுறைகூட அதை அவள் சொல்லிக் காட்டவில்லை.

எங்கள் காண்ட்ராக்ட் ஒரே சமயத்தில் முடிந்தது. கடைசி வருடம் நான் ஃபிக்சர் ரூமில் இருந்தேன். பார்ட்ஸ் வைக்கும் தட்டு, தூசு மூடி எல்லாம் அங்கேதான் அக்ரிலிக்கில் வளைப்பார்கள். டிஜிட்டல் நம்பர் ஓடும், விலைக்கு வாங்கின வளைக்கும் மெஷின் ஒன்று இருந்தது. வளைக்கிறவரின் பக்கத்தில் நின்று ஷீட்டைப் பிடித்துக்கொடுப்பது என் வேலை. பார்த்துப் பார்த்தே எனக்கு வந்துவிட்டது. அக்காவுக்கு ஆள் பழக்கம் உண்டு. ஒரகடத்தில் ஒரு கம்பெனிக்குப் பொருள் சப்ளை செய்ய வெண்டர் கோட் வாங்கினாள். ஆர்டரும் ஷீட்டும் அவள் பொறுப்பு. வெட்டி, வளைத்து, துடைத்துக் கொடுப்பது நான். மண்ணூரில் ஷட்டர் வைத்த ஒரு அறையை வாடகைக்குப் பிடித்தோம்.

மெஷின் விலையை விசாரித்துவிட்டு இரண்டு பேரும் சிரித்துக்கொண்டே பஸ் ஏறினோம். பிறகு நாங்களே செய்தோம். சுங்குவார்சத்திரத்தில் பழைய இரும்புக் கடையில் ஒரு யூபிஎஸ்ஸிலிருந்து கழற்றிய ட்ரான்ஸ்ஃபார்மர் கிடைத்தது. அது கரண்டைக் குறைத்துக் கொடுக்கும், கம்பியைத் தொட்டால் சுடுமே தவிர ஷாக் அடிக்காது என்று எலக்ட்ரீஷியன் சொன்னார். அதை மூன்று முறை அவரைச் சொல்லவைத்த பிறகுதான் வாங்கினேன். முதலில் அடுப்புக் காயிலை நீட்டிக் கட்டினோம். ஒரு இடம் சிவக்கும், ஒரு இடம் கறுத்தே கிடக்கும். வளைத்த ஷீட் கோணல் வாயால் சிரித்தது. அப்புறம் நேரான நைக்ரோம் கம்பி வாங்கினோம். சிமென்ட் பலகைமேல் அலுமினிய சேனல், அதன் நடுவில் கம்பி. சூடானதும் கம்பி நீண்டு தொய்ந்தது. தொய்ந்து ஷீட்டைத் தொட்டால் அங்கே கருங்கோடு விழும். ஒரு முனையில் ஸ்பிரிங் வைத்து இழுக்க வேண்டும். அக்கா வீட்டுக்குப் போய் கொசுவலைக் கதவின் ஸ்பிரிங்கைக் கழற்றிக்கொண்டு வந்தாள். கச்சிதமாக உட்கார்ந்தது.

"என் வூட்டு கொசுவெல்லாம் உன் பேரைச் சொல்லித்தான் கடிக்குது" என்பாள் அதற்குப் பிறகு.

கரண்டைக் கூட்டிக் குறைக்க ஒரு டிம்மர். நாலு நாள் வெட்டுத்துண்டுகளை வீணடித்துப் பார்த்து, எந்தக் கனத்துக்கு எவ்வளவு திருப்ப வேண்டும் என்று கண்டுபிடித்தேன். மறந்துவிடுவேனோ என்று நான் புலம்ப, அக்கா கைப்பையிலிருந்து நெயில் பாலிஷை எடுத்து டிம்மரைச் சுற்றி மூன்று புள்ளி வைத்தாள். கருஞ்சிவப்பு. "இந்தா, உன் டிஜிட்டல்." கன்ட்ரோல் கிடையாது என்று அந்த அறையில் அவள் சொன்னபோது எனக்கு முதலில் நினைவுக்கு வந்தது அந்தப் புள்ளிகள்தான்.

வளைக்கும் வேலைக்குப் பயந்தவர்கள்தான் லாயக்கு. மடிக்கும் இடத்தில் மட்டும் மேல்தாளை உரிக்க வேண்டும். மற்ற இடத்தில் உரித்தால் கீறல் விழும். கம்பிக்கு மேலே ஷீட்டைத் தொடாமல் கிடத்தி எண்ணத் தொடங்குவேன். பாதி எண்ணிக்கையில் திருப்பிப் போட வேண்டும். அவசரப்பட்டு மடித்தால் மடிப்பில் முடி முடியாக விரிசல் ஓடும்; அசட்டையாக விட்டால் கொப்பளிக்கும். தன் பாரம் தாங்காமல் ஷீட் தானே தலையைத் தொங்கவிடும் நேரம் ஒன்று உண்டு. அப்போது எடுத்து மரக்கட்டையில் வைத்து மடித்து, ஆறும்வரை பிடித்துக்கொண்டிருக்க வேண்டும். மூன்று மில்லி அக்ரிலிக் எழுபது எண்ணுவதற்குள் இளகும். அதே கனத்தில் பிசிக்கு நூற்று முப்பதாவது ஆகும். என் வீட்டுக்காரர் கம்பெனி வேன் ஓட்டுகிறார். ஒருநாள் வந்து பார்த்துவிட்டு, "நீ எண்றத பாத்தா கண்டக்டர் சில்லறை பாக்கி குடுக்கற மாதிரியே கீது" என்றார்.

எனக்கு ஒரு பழக்கம். ஒவ்வொரு லாட் ஷீட்டிலிருந்தும் வெட்டியது போக மிஞ்சும் ஒரு துண்டை எடுத்து, மேல்தாள்மேல் மார்க்கரில் எழுதி, பெயின்ட் பக்கெட்டில் போட்டு வைப்பேன். தேதி, கனம், எத்தனையில் இளகியது. நாளைக்கு யாராவது ஏதாவது கேட்டால் என்ன பதில் சொல்வது என்ற பயம்தான், வேறொன்றும் இல்லை. அக்கா கேலி செய்வாள். "உன்ன சுடுகாட்டுக்குத் தூக்கினு போனாலும், கேஸை ஆஃப் பண்ணீங்களான்னு எயுந்து கேட்டுட்டுத்தான்டி படுப்ப."

ஒரகடம் கம்பெனியின் அறுபத்து நாலு மெஷின் கவர் ஆர்டர் வந்தது அடைமழைக் காலத்தில். ஷீட் வந்த அன்று செம்பரம்பாக்கம் பக்கமிருந்து சாரல் உள்ளே அடித்துக்கொண்டிருந்தது. மழைக்காலத்தில் பிசி ஷீட் காற்றின் ஈரத்தைக் குடித்திருக்கும். காயவைக்காமல் வளைத்தால் மடிப்பு முழுக்கக் கொப்பளம் பொரிந்துவிடும். அதற்காக பிளைவுட் பெட்டியில் பல்ப் போட்டுக் காயவைப்போம். அக்கா போனில், "காய வைக்க டைம் இல்ல, அப்டியே போடு" என்றாள். பயந்துகொண்டேதான் முதல் ஷீட்டைக் கம்பிமேல் வைத்தேன். மூன்று மில்லிக்கான புள்ளியில்தான் டிம்மர் இருந்தது. எழுபதை எண்ணி முடிக்கவில்லை, ஷீட் தலையைத் தொங்கப்போட்டுவிட்டது. ஒரு கொப்பளம் இல்லை.

போன் செய்தேன். "அக்கா, இது சீக்கிரமா இளகுது."

"புது லாட்டு. அப்டித்தான் இருக்கும்."

இரண்டாவதும் அப்படியே இளகியது. மறுபடி போன் செய்தேன். "கொப்பளமே இல்லக்கா."

"இல்லன்னா சந்தோசப்படேன். கொப்பளம் வர்லன்னு அழுவறவளை இப்பதான் பாக்கறேன்."

மூன்றாவது முறை அவள் கொஞ்சம் கோபமாகப் பேசினாள். "ஏய், நான் வாங்கினு வந்த ஷீட்டு. எனக்குத் தெரியாதா? வேலையைப் பாரு."

ஒரு லைட்டர் போதும். பிசித் துண்டைக் கொளுத்தினால் கரும்புகை விட்டுத் தானே அணைந்துவிடும். அக்ரிலிக் அணையாது; பொரிந்துகொண்டே எரியும், பழவாடை போல இனிப்பாக ஒரு வாடை வரும். லைட்டர் மேஜையிலேயே இருந்தது. கேஸ் ரெகுலேட்டரை மூன்று முறை தொட்டுப் பார்த்துவிட்டுத்தான் நான் வீட்டைப் பூட்டுவேன். பூட்டை இழுத்துப் பார்த்துவிட்டுத் தெருமுனையிலிருந்து திரும்பி வந்து இன்னொரு முறை இழுப்பேன். அந்த லைட்டரை மட்டும் நான் தொடவில்லை. தொட்டால் அக்காவைச் சந்தேகப்பட்டதாக ஆகிவிடும் என்று நினைத்தேன். எனக்காகப் பழியை வாங்கிக்கொண்டவள் கொண்டுவந்த ஷீட்டை எப்படிக் கொளுத்திப் பார்ப்பது?

கை மட்டும் பழக்கத்தை விடவில்லை. வெட்டுத்துண்டின் மேல் எழுதி வைத்தேன்: "3 மில்லி. புது லாட். எழுபதிலேயே இளகியது. கொப்பளம் இல்லை. அக்காவிடம் மூன்று தடவை சொன்னேன்." அறுபத்து நாலையும் வளைத்துக் கொடுத்தேன்.

கவர் உடைந்து ஒரு பெண்ணுக்குக் கை கிழிந்தது என்று செய்தி வந்தது. இரண்டு பேரையும் வரச் சொல்லியிருந்தார்கள். ஷேர் ஆட்டோவில் போகும்போது அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டாள். "நீ ஒண்ணும் பேசாத. எது கேட்டாலும் நான் பாத்துக்கறேன்." எனக்குப் பாதி உயிர் திரும்பி வந்தது. முன்பு சூப்பர்வைசர் முன்னால் நின்ற அதே அக்கா என்று நினைத்துக்கொண்டேன்.

பக்கெட்டிலிருந்து இரண்டு துண்டுகளை நான் பையில் எடுத்துப் போட்டுக்கொண்டு வந்திருந்தேன். ஒன்று இந்த லாட், இன்னொன்று அதற்கு முந்தின நல்ல பிசி. அக்காவைக் காட்டிக்கொடுக்க எடுத்ததில்லை. கேட்டால் காட்ட ஏதாவது இருக்கட்டும் என்று எடுத்ததுதான். கேட்டில் செக்யூரிட்டி பையைத் திறந்து பார்த்தார். உள்ளே போகும் பொருளையெல்லாம் எழுதியாக வேண்டும். "இது இன்னா?" என்று கேட்டுவிட்டு ரிஜிஸ்டரில், "பிளாஸ்டிக் துண்டு, 2" என்று எழுதினார். அக்கா குனிந்து பார்த்தாள். என் கையெழுத்து தெரிந்தது. படித்தாளா, தெரியாது.

"இன்னாத்துக்கு இது?"

"சும்மாக்கா."

அதற்குப் பிறகு கூட்ட அறைவரை அவள் எனக்கு இரண்டடி முன்னாலேயே நடந்தாள். அந்தத் துண்டுகளை நான் எடுத்து வராமல் இருந்திருந்தால் அவள் அப்படிச் சொல்லியிருக்க மாட்டாளோ என்று இன்றைக்கும் எனக்கு ஒரு எண்ணம் வருகிறது.

அறையில் அக்கா சொன்னதைக் கேட்டுவிட்டு ஆபீசர் என்னைப் பார்த்தார். "என்னம்மா, ஹீட் அதிகமாயிடுச்சா?"

நான் சும்மா உட்கார்ந்திருந்தேன். அதை ஆமாம் என்று அவர் எடுத்துக்கொண்டார். மெயின்டனன்ஸ் இன்ஜினியர், "அப்ப இந்த ஒரு பீஸ்தான் பிரச்சினை. இதை மட்டும் மாத்திக் குடுக்கட்டும், மத்தது பாக்க நல்லாத்தான் இருக்கு" என்றார். பர்ச்சேஸ்காரர் தட்டிக்கொண்டே இருந்தார். கூட்டம் முடிந்தது.

வெளியே வராந்தாவில் ஆபரேட்டர் பெண் என்னை நிறுத்தினாள். தென்காசிப் பக்கம். ஹாஸ்டலில் தங்கி வேலை பார்க்கிறவள்.

"யக்கா, நெசமாவே சூடு கூடிப்போச்சா?"

"ஏம்மா கேக்கற?"

"இல்ல, மிச்சம் அறுவத்தி மூணும் எங்க லைன்லதான மாட்டியிருக்கு. நாங்க அதுக்குப் பொறத்தாலதான நாள் பூரா நிக்கோம். என் மூஞ்சிக்கு நேரா ஒண்ணு இருக்கு. அதான் கேட்டேன். கோவிச்சிக்கிடாதீங்க."

நான் என்ன பதில் சொன்னேன் என்று நினைவில்லை. நல்ல பதிலாக இருந்திருக்காது.

பஸ் ஸ்டாப்பில் கார் ஏற்றிய நீள லாரிகள் போய்க்கொண்டே இருந்தன. அக்காதான் முதலில் பேசினாள்.

"மூஞ்சியை ஏன் தூக்கி வச்சினு இருக்க? ஹீட்டர்னுதான் சொன்னேன். உன் பேரையா சொன்னேன்?"

"என் ஹீட்டர்தானேக்கா."

"நாம செஞ்ச ஹீட்டரு. இப்ப மட்டும் உன் ஹீட்டரா ஆயிடுச்சா?"

"அது அக்ரிலிக்தானே?"

அவள் ரோட்டைப் பார்த்தாள். "ஷீட்டு வெல ஏறிடுச்சு. பழைய ரேட்டுக்கே ஒத்துகினு கையெழுத்து போட்டுட்டேன். அறுவத்து நாலு கவரு. என் கையிலேர்ந்து போடச் சொல்றியா?"

"என்கிட்ட சொல்லியிருக்கலாம்."

"சொல்லியிருந்தா நீ பெண்டு போட்டிருப்பியா? வேணாங்க்கா வேணாங்க்கான்னு போன்லயே உயிரை எடுத்திருப்ப." அது உண்மைதான். அவள் குரலைத் தாழ்த்தினாள். "பாரு, வெண்டர் கோடு என் பேர்ல கீது. அது போனா உனக்கும் சோறு கெடையாது. உன் மேல வியுந்தா இன்னா ஆவப்போது? ஹீட்டரை மாத்துங்கம்மான்னுவாங்க. மாத்திக்கலாம். அன்னிக்கு லைன்ல உனக்காக நான் வாங்கிக்கல? இத்தினி வருசத்துல ஒரு வார்த்த கேட்டனா?"

இத்தனை வருடம் கேட்கவில்லை. அன்றைக்குக் கேட்டாள். அதில்தான் எனக்கு விட்டுப்போனது. பதினோரு நிமிடத்தை அவள் மறந்துவிட்டாள் என்றுதான் நான் நினைத்திருந்தேன், மறக்கவில்லை, வைத்திருந்திருக்கிறாள்.

"நீ அந்தத் துண்டைப் பாத்துட்டுத்தான் அப்படிச் சொன்னியா?" என்று கேட்டேன்.

நான் அவளை நீ என்று சொன்னது அதுதான் முதல் தடவை. அவளுக்கும் அது தெரிந்தது. "அத்த இன்னாத்துக்கு எடுத்துகினு வந்த?" என்றாள்.

"பயமா இருந்துச்சு."

"உனக்கு எப்பதான் பயமா இல்ல?"

பஸ் வந்தது. அவள் முன்பக்கம் ஏறினாள். நான் ஏறவில்லை, அடுத்த பஸ்ஸில் போனேன்.

வீட்டுக்காரரிடம் சொன்னேன். "நாளைக்குப் போய்ச் சொன்னா வேலை போவும். சொல்லலன்னா உனக்குத் தூக்கம் போவும். எது பரவால்லன்னு நீயே பாத்துக்கோ" என்றார். எனக்குத் தூக்கம் போவது புதிதில்லை. ஆனால் அறுபத்து மூன்று கவரும், ஒவ்வொன்றுக்கும் பின்னால் ஒரு முகமும் என்று எண்ண ஆரம்பித்துவிட்டேன். நான் எண்ண ஆரம்பித்தால் நிறுத்துவது கஷ்டம்.

மறுநாள் காலை கேட்டில் போய் நின்றேன். பாஸ் இல்லாமல் விட மாட்டேன் என்றார் செக்யூரிட்டி. முந்தின நாள் பார்த்த முகம் என்பதால் ஆபீசருக்குப் போன் செய்து கொடுத்தார். டீ நேரத்தில் வெளியே வருவதாக ஆபீசர் சொன்னார். ரோட்டுக்கு எதிரே டீக்கடை. உள்ளே தீப்பெட்டி, லைட்டர் எதுவும் போகக் கூடாது. எனக்கு வேண்டியதும் வெளியேதான் இருந்தது.

டீக்கடைக்காரரிடம் லைட்டர் வாங்கினேன். முதலில் பழைய பிசித் துண்டைக் கொளுத்தினேன். கரும்புகை விட்டது. லைட்டரை எடுத்ததும் அணைந்தது. அடுத்து இந்த லாட் துண்டு. பற்றிக்கொண்டது. லைட்டரை எடுத்த பிறகும் நின்று நிதானமாகப் பொரிந்து எரிந்தது. இனிப்பு வாடை டீக்கடை முழுக்கப் பரவியது. "எசன்ஸா?" என்று டீக்கடைக்காரர் எட்டிப் பார்த்தார்.

ஆபீசருக்கு விளங்கிவிட்டது. செருப்பால் தேய்த்துத் தீயை அணைத்துவிட்டுத் துண்டைக் கையில் வாங்கினார். எரியாத முனையில் என் எழுத்து இருந்தது. வாய்விட்டுப் படித்தார். "எழுபதிலேயே இளகியது. கொப்பளம் இல்லை. அக்காவிடம் மூன்று தடவை சொன்னேன்." நிமிர்ந்தார். "இது எப்ப எழுதுனது?"

"வளைக்கும்போது சார்."

"அப்ப வளைக்கும்போதே தெரியும்."

"சந்தேகம் இருந்துச்சு சார்."

"சந்தேகம் தீர எவ்ளோ நேரமாச்சு இப்ப? ஒரு நிமிஷம் ஆச்சா?" அவர் குரல் உயரவில்லை. "அப்ப ஏன்மா கொளுத்திப் பாக்கல?"

இந்தத் தடவை, அக்காவை மாட்டவைக்கும் துண்டு என்று நினைத்துத்தான் அதைத் தூக்கிக்கொண்டு வந்தேன். அது முதலில் மாட்டவைத்தது என்னைத்தான். நாளைக்கு யாராவது கேட்டால் காட்டலாம் என்று எழுதி வைத்தேனே, கேட்கிறவர் என்னைத்தான் கேட்பார் என்று யோசிக்கவில்லை.

"எழுதிக் குடுப்பீங்களா? எழுத வருமா?" என்றார்.

வரும் என்றேன். செக்யூரிட்டி கேபின் பெஞ்சில் உட்கார்ந்து ஒரு பக்கம் எழுதினேன். ஒன்பதாவது அரையாண்டுக்குப் பிறகு அவ்வளவு நீளமாக நான் எழுதினது அன்றைக்குத்தான். ஷீட் எப்போது வந்தது, எத்தனையில் இளகியது, எத்தனை முறை போன் செய்தேன், என்ன பதில் வந்தது, கொளுத்திப் பார்க்காதது என் தப்பு. கையெழுத்துப் போட்டேன்.

அன்று மதியமே லைனை நிறுத்தி அறுபத்து மூன்றையும் கழற்றிவிட்டார்கள். ஆபீசர் போனில் சொன்னார். கடைசியில், "உங்க ரெண்டு பேரையும் இனிமே எடுக்க முடியாதும்மா. நீங்க வந்து சொன்னது நல்லது. ஆனா ரூல் அது" என்றார். எனக்கு அழுகை வந்தது. அந்தத் தென்காசிப் பெண்ணின் முகத்துக்கு நேரே இப்போது எதுவும் இல்லை என்று நினைத்துக்கொண்டேன். அது கொஞ்சம் உதவியது.

அக்காவின் வெண்டர் கோட் போனது. நான் அவளைக் காட்டிக்கொடுத்தேன் என்று மண்ணூரில் பேச்சு. வல்லக்கோட்டை முருகன் கோயிலில் ஒரு கிருத்திகைக் கூட்டத்தில் அவளைப் பார்த்தேன். வரிசையில் எனக்கு நாலு ஆள் முன்னால் நின்றாள். திரும்பினாள், பார்த்தாள், கையிலிருந்த தேங்காய்த் தட்டை இடம் மாற்றிப் பிடித்துக்கொண்டு முன்னால் நகர்ந்தாள். நான் அவளுக்குச் செய்ததும் துரோகம்தானா என்று வரிசை முழுக்க யோசித்தேன். அவள் எனக்குச் செய்தது எது என்பதில் எனக்கு யோசனை இல்லை.

ஷட்டர் அறையை நான் விடவில்லை. இப்போது பேக்கரிகளுக்குக் கேக் மூடி, கடைகளுக்கு ஸ்டாண்டு, அபார்ட்மென்ட்டுகளுக்கு வீட்டு நம்பர் பலகை என்று வளைக்கிறேன். ஷீட் வந்ததும் ஒரு மூலையை வெட்டி முதலில் கொளுத்திப் பார்க்கிறேன், யார் கொண்டுவந்தாலும். டிம்மரைச் சுற்றியிருந்த கருஞ்சிவப்புப் புள்ளிகள் சூட்டில் உதிர்ந்துவிட்டன. என்னிடம் நெயில் பாலிஷ் கிடையாது, மார்க்கரில் வைத்துக்கொண்டேன்.

போன மாதம் அக்கா ஒருவரிடம் சொல்லி அனுப்பினாள். "அந்த ஸ்பிரிங்கைக் குடுக்கச் சொல்லு. வூட்ல கதவு சாத்த மாட்டேங்குது." ஹீட்டரிலிருந்து அதைக் கழற்றிக் கொடுக்க எனக்கு மனம் வரவில்லை. ஹார்டுவேர் கடையில் புதிதாக ஒன்று வாங்கி, தாளில் சுற்றி, அதே ஆளிடம் கொடுத்தனுப்பினேன். வாங்கிக்கொண்டாளாம். வேறு எதுவும் சொல்லவில்லையாம்.

நான் அவளுக்குத் தர வேண்டியது அவ்வளவுதான். அவள் எனக்குத் தர வேண்டியது அறுபத்து நாலு கவரை வளைத்த கூலி, கவருக்குத் தொண்ணூறு வீதம். முன்னால் கொடுத்த ஆயிரத்து ஐந்நூறு போக, நாலாயிரத்து இருநூற்று அறுபது ரூபாய்.